செம்மணல் தேரியும் கடலும்: பதின்வயதுப் பிள்ளையோடு நெல்லைக் கரையில் உயிரினம் பார்க்கப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது டி.வி.யில் ஒரு நிகழ்ச்சி பார்த்தாள். ஏதோ தூரதேசம். ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் நீலக்கடல், நடுவே ஒரு வெள்ளைக் கப்பல். கப்பலில் இருந்த குடும்பம் திமிங்கலம் மூச்சுவிடுவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. "நாமளும் இப்படிப் போவோமாம்மா?" என்றாள். எவ்வளவு செலவாகும் என்று அவளே கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, பேச்சை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் செம்மணல் பாலை ஒன்றும், அதை ஒட்டியே கடலும் இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

அதற்கப்புறம் மூன்று தை மாதம் போய்வந்துவிட்டோம். நான், அவள் அப்பா, ஆச்சி, மகள் என நான்கு பேர். வெள்ளைக் கப்பல் எதுவும் கிடையாது. ஆனால் தேரிக்காடு, மணப்பாட்டுக் குன்று, கூந்தன்குளம், கன்னியாகுமரிப் படகு என்று மூன்று நாளில் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பதின்வயதுப் பிள்ளையோடு போகிற எந்தக் குடும்பமும் பின்பற்றக்கூடிய மாதிரி, எங்களுக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தக் கரை, என்ன இருக்கிறது

பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரை முழுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது; மணலுக்கும் பறவைக்கும் அந்தக் கோடு தெரியாது. திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, சாத்தான்குளம் வழியாக உவரி, குட்டம் வரைக்கும் விட்டுவிட்டுக் கிடக்கிற சிவந்த மணல்மேடுகளைத்தான் தேரி என்கிறோம். அதில் பெரியது குதிரைமொழித் தேரி.

மணல் ஏன் சிவப்பு என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். ஒவ்வொரு மணல்பருக்கை மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சுப் பூசினாற்போல் படிந்திருக்கிறது. வீட்டு ஜன்னல் கம்பியில் ஏறும் துருவின் உறவுக்காரன்தான் இந்த நிறம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்த மணலைக் கிழக்கே தள்ளித் தள்ளி மேடாக்கியிருக்கிறது. இந்த மேடுகளில் கற்காலத்து மக்கள் செய்த சின்னஞ்சிறு கல்கருவிகள் கிடைத்திருக்கின்றன. 1956இல் இதைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. நம் காலடியில் வேட்டைக்காரர்கள் உட்கார்ந்து கல் செதுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னபோதுதான் மகள் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

கடல் பக்கம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். பவளப்பாறை எடுத்து எடுத்து, கடலும் அரித்து, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மிச்சத் தீவுகளில் அனுமதியில்லாமல் யாரும் இறங்க முடியாது. குருசடைத் தீவு மாதிரி வனத்துறையே படகு வைத்துக் கூட்டிப்போகும் இடங்கள் ராமநாதபுரம் பக்கம். அது தனிப் பயணம்; இதோடு சேர்க்காதீர்கள், ஓட்டமாகிப் போகும்.

2. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தை, மாசிதான். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, குளத்தில் தண்ணீர் இருக்கும். வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. வெயில் மண்டையைப் பிளக்காது. பங்குனி ஆமை என்கிற சின்னக் கடலாமை முட்டையிடக் கரையேறுவதும் இந்தப் பருவத்தில்தான்.

ஆனி முதல் ஆவணி வரை வேண்டவே வேண்டாம். காற்றில் மணல் முகத்தில் ஊசி குத்துவது போல் அடிக்கும், கடலும் சீறும். கோடை லீவில் போகலாமே என்பீர்கள். சித்திரையில் காலை பத்து மணிக்கே தேரியில் கால் வைக்க முடியாது. பதநீரும் நுங்கும் கிடைக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பொங்கல் லீவையும் தவிர்த்துவிடுங்கள். திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், காணும் பொங்கலன்று கன்னியாகுமரியில் நிற்க இடம் இருக்காது. குடியரசு தினத்தை ஒட்டி வரும் சனி ஞாயிறு நல்லது. உள்ளூர்க்காரர்கள் மூன்று நாளையும் ஒட்டிப் போக வேண்டியதில்லை. மூன்று வாரக் கடைசிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், ஆச்சிக்கும் அதுதான் தோது.

3. பிள்ளை கையில் பொறுப்பைக் கொடுங்கள்

மொத்தப் பயணத்திலும் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். பதினான்கு, பதினைந்து வயதில் "வா, மான் காட்டுகிறேன், மயில் காட்டுகிறேன்" என்றால் வரமாட்டார்கள். வந்தாலும் காரில் காதில் மாட்டியதைக் கழற்றமாட்டார்கள். முதல் தடவை நான் அந்தத் தப்பைச் செய்தேன். எல்லாவற்றையும் நானே திட்டம் போட்டு, "அங்கே பாரு, இங்கே பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மதியத்துக்குள் அவள் முகம் சுண்டிவிட்டது.

அடுத்த வருசம் அவளிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொடுத்து, "இந்தப் பயணத்துக்கு நீதான் கணக்குப்பிள்ளை" என்றேன். என்ன உயிரினம், எத்தனை, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு கட்டம். எங்கே வண்டியை நிறுத்துவது, எவ்வளவு நேரம் உட்காருவது என்பதும் அவள் முடிவு. பெரியவர்கள் கேள்வி கேட்கலாம், அவசரப்படுத்தக் கூடாது. இந்த ஒரு மாற்றத்தில் பயணமே வேறாகிவிட்டது.

போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பிள்ளையிடம் இவற்றை ஒப்படைத்துவிடுங்கள்:

- பார்க்கவேண்டிய பத்து உயிரினங்களைத் தேர்ந்தெடுப்பது. பத்துக்கு மேல் வேண்டாம்.
- ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் மணப்பாடு, கூந்தன்குளம் பக்கம் மற்றவர்கள் போன வருசம் இதே மாதத்தில் என்ன பார்த்தார்கள் என்று எடுத்துவைப்பது.
- கடல் வற்றும் நேரத்தைக் குறிப்பது. நம் கரையில் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் சேற்றில் இரை தேடும் பறவைகளுக்கு அதுவே போதும்.
- உள்ளூர்ப் பெயர்களைச் சேகரிப்பது. டால்பினுக்கு ஓங்கில், டூகாங் என்கிற கடல்பசுவுக்கு ஆவுளியா, டெர்ன் பறவைக்கு ஆலா. கடற்கரையில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால்தான் மீனவர்கள் நின்று பேசுவார்கள்.

ஆவுளியாவைப் பார்க்கவே முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடல்புல் மேயும் அந்தப் பிராணி மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. அதற்காகவே 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடல்பசுக் காப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. பார்க்காவிட்டாலும், அது இருக்கிற கடலின் ஓரத்தில் நிற்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

4. மூட்டை கட்டுவது

பைனாகுலர் ஒன்று போதும். 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதிகப் பெருக்கம் உள்ளது கையில் ஆடிக்கொண்டே இருக்கும். ஷூ கட்டாயம். உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், அனுபவத்தில் சொல்கிறேன். தேரியில் சுருட்டை விரியனும் உண்டு. அதனாலும் கணுக்கால் மூடியிருக்க வேண்டும், புதருக்குள் கை விடக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தொப்பி, பருத்தித் துணி, டார்ச், டார்ச்சில் ஒட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள். கடல்பயணத்தில் வாந்தி வருகிறவர்களுக்கு இஞ்சி மொரப்பா. மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு ஆச்சி கட்டித்தரும் மிளகாய்ப்பொடி இட்லிதான். வாழையிலையில் நல்லெண்ணெய் தடவிக் கட்டினால் மத்தியானம் வரை கெடாது. போகிற வழியில் உடன்குடிக் கருப்பட்டி வாங்குங்கள், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. முதலூர் மஸ்கோத் அல்வாவைத் திரும்பி வரும்போது வாங்குங்கள். முதலிலேயே வாங்கினால் பிள்ளைகள் இட்லியைத் தொடமாட்டார்கள்.

5. முதல் நாள் காலை: தேரி

நான்கரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். திருச்செந்தூர் ரோட்டில் போய், காயாமொழி பக்கம் திரும்பி, தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலை ஒட்டி விடியும் முன் நின்றுவிட வேண்டும். தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. கோயிலுக்குப் போகும் பாதையையும் ரோட்டோரத்தையும் விட்டு உள்ளே போவதானால் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். வழி தப்பினால் எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், சும்மா சொல்லவில்லை.

வெளிச்சம் வந்ததும் யாரையும் நடக்கவிடாதீர்கள். முதலில் தரையைப் படிக்க வேண்டும். ராத்திரி நடந்ததெல்லாம் மணலில் எழுதியிருக்கும். எட்டு மணிக் காற்று வந்து அழித்துவிடும். மகள் போன தையில் ஒரு மேட்டின் சரிவில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காற்று வரைந்த நெளிவுகளுக்குக் குறுக்கே தையல் ஓடினாற்போல் இரண்டு வரிசைப் புள்ளி. ஒரு வண்டு நடந்த தடம். அதைத் தொடர்ந்து பதினைந்து அடி போனால் தடம் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் மூன்று விரல் பதிந்த ஒரு காலடி, பக்கத்தில் இறகு மணலை வருடிய விசிறிக் கோடு. வண்டு அங்கேயிருந்து போகவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இங்க ஒரு கொலை நடந்திருக்கு" என்றாள். நோட்டில் அப்படியேதான் எழுதியிருக்கிறாள்.

வெயில் கொஞ்சம் ஏறினதும் ஓணான் பார்க்க வேண்டும். உடைமரத்து நிழலும் வெயிலும் கலக்கிற இடத்தில், தரையோடு தரையாக, விரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய விசிறித்தொண்டை ஓணான் இருக்கும். பின்னங்காலில் நிமிர்ந்து ஓடும். ஆண் ஓணான் ஒரு கல்லிலோ மேட்டிலோ ஏறி நின்று, தொண்டையை ஓலை விசிறி பிரிக்கிற மாதிரி விரித்து விரித்து மூடும். வெயில் மாதம் நெருங்க நெருங்க இந்தக் கூத்து அதிகமாகும், அதனால் மாசிக் கடைசியில் போகிறவர்களுக்கு யோகம். இந்தச் சின்ன ஓணான்களில் தென் தமிழகத்துக் கரையோரச் சமவெளியில் வாழும் இரண்டு இனங்களுக்கு 2016இல் அறிவியலாளர்கள் பெயர் வைத்தார்கள். ஒன்று 'சிட்டானா விசிறி', இன்னொன்று 'சிட்டானா மருதம்நெய்தல்'. உலகத்து எந்த நாட்டு ஆய்வாளரும் இனி அந்தப் பெயரை நம் வார்த்தையில்தான் சொல்ல வேண்டும். ஐந்திணையைத் தேர்வுக்கு மட்டும் படித்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பத்து மணிக்குள் தேரியைவிட்டு இறங்கிவிடுங்கள். அடுத்து மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுற்றிலும் காய்ந்த செம்மணல், நடுவே வற்றாத சுனை. மழைத்தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்கி, அடியில் தேங்கி, தாழ்ந்த இடத்தில் கசிந்து வெளியே வருகிறது. ஆச்சிக்கு அய்யனார், மகளுக்குச் சுனை ஓரத்துத் தட்டாம்பூச்சி, எனக்கு நிழல். மழை நன்றாகப் பெய்த வருசமென்றால் சாத்தான்குளம் பக்கம் வைரவன்தருவை, புத்தன்தருவை என்று தேரிகளுக்கு இடையே தேங்கும் பரந்த நீர்நிலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருந்தால் நாரைக்கூட்டம் இருக்கும்.

6. முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும்: மணப்பாடு

குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு. குலசையில் 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பகுதியில் வேலி கட்டிய இடம், எச்சரிக்கைப் பலகை இருந்தால் தள்ளியே நில்லுங்கள்.

மணப்பாட்டில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற மணற்கல் குன்று ஒன்று உண்டு. அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், கலங்கரை விளக்கம். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையும் அங்கேதான். ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் மணல்திட்டு அணை கட்டினாற்போல் மறித்து நிற்க, கருமேனியாறு கடலில் சேர வந்து தேங்கும் உப்பங்கழி. படகில் ஏறாமலே கடலை மேலிருந்து பார்க்க, எனக்குத் தெரிந்து நம் பக்கம் இதைவிட நல்ல இடம் இல்லை.

மாலையில் கழிக்கரை. வற்றம் தொடங்கியதும் உட்காருங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிச் சின்னக் கரைப்பறவைகள் ஓடி ஓடிக் கொத்தும். துடுப்புவாயன் அரிவாளால் புல் அறுப்பது போலத் தலையை இடம்வலம் வீசிக்கொண்டே நடக்கும். செம்பருந்து தலைக்கு மேலேயே சுற்றும். அதிர்ஷ்டம் இருந்தால் மீன்பிடிக் கழுகான விராலடிப்பான் காலை முன்னே நீட்டித் தண்ணீரில் பாய்வதைப் பார்க்கலாம். பறவையை நோக்கி நடக்காதீர்கள். நீங்கள் அசையாமல் இருந்தால் அரைமணியில் அவை உங்களை நோக்கி இரை தேடிக்கொண்டு வரும். படம் எடுக்கிற ஆசையில் ஓடினால் கூட்டமே எழும்பிவிடும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உடம்பு அது, ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் தின்ற இரை வீணாகிறது.

மறுநாள் காலை ஆறரைக்குக் குன்றின் மேல். இது கடல் பார்க்கும் வேளை. எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "கடல மொத்தமாப் பாக்கப்படாது தாயி. ஆலா எங்க எறங்குதுன்னு பாரு. ஆலா எறங்குனா மீனு. மீனு இருந்தா ஓங்கில் வரும், பாத்துக்கோ" என்றார். மகள் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் ஆலாக்களைத் தேடினாள். அரைமணி ஒன்றுமில்லை. அவள் அப்பா கொட்டாவி விட்டார். ஏழே முக்காலுக்கு ஆலாக்கூட்டம் ஓரிடத்தில் கல்லெறிந்தாற்போல் விழ ஆரம்பித்தது. அதன் அடியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு முதுகு. அப்புறம் இரண்டு. துடுப்புக்குக் கீழே திமில் மாதிரி ஒரு மேடு தெரிந்ததால், கூன்முதுகு ஓங்கில் என்று நோட்டில் குறித்தாள். ஒவ்வொன்றும் எத்தனை விநாடிக்கு ஒருதரம் மேலே வருகிறது என்று வாயால் எண்ணினாள். நான் பேச வாயெடுத்தேன். "அம்மா, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று கையை நீட்டித் தடுத்தாள். அதற்கப்புறம் நான் பேசவில்லை.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத்துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடல்குதிரை, கடலட்டை, எல்லாக் கடலாமைகளும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. காய்ந்த கடல்குதிரை ஒன்றை வைத்திருந்தாலே குற்றம். யாராவது விற்க வந்தால் பிள்ளை முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

7. நடுவில் ஒரு மாலை: கூந்தன்குளம்

நாங்குநேரி தாலுகா. 1994இல் பறவைகள் சரணாலயமானது; ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பாதுகாக்கத் தொடங்கிவிட்டார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. வீட்டு வாசல் வேப்பமரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும், அடியில் பாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். பூநாரை, கூழைக்கடா, இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும் வரித்தலை வாத்து எல்லாம் தை, மாசியில் பார்க்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள்.

தூத்துக்குடி வழியாக வருகிறவர்கள் வல்லநாடு வெளிமான் சரணாலயத்தையும் கேட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அது. உள்ளே போக முடியுமா என்பதை வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

8. கடலில் ஏறுவது

இதில் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது, தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு கடற்கரை ஊரில் மீன்பிடிக்கிற பைபர் படகில் ஏறிவிட்டோம். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. அரைமணி போனதும் என்ஜின் நின்றுவிட்டது. கச்சான் என்கிற மேல்காற்று படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. ஆச்சி "முருகா, முருகா" என்று மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகுக்காரர் கையைக் காட்டிக் காட்டி, இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தையை அந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது நான்தான். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. மீன்பிடிப் படகு மீன்பிடிக்கத்தான் உரிமம் வாங்கியிருக்கிறது, ஆள் ஏற்ற அல்ல. எவ்வளவு நட்பாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

முறையான வழி கன்னியாகுமரி. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் விவேகானந்தர் பாறைப் படகு எல்லோருக்கும் தெரியும். அதே கழகம் தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரண்டு பெரிய படகுகளை 2023இல் வட்டக்கோட்டை வரை கரையோரச் சுற்றுலாவுக்கு விட்டது. கடல் நிலையையும் கூட்டத்தையும் பொறுத்துத்தான் ஓட்டம் இருக்கும். அதனால் முந்தின நாள் படகுத்துறையில் கேட்டுவிட்டு, மறுநாள் முதல் ஓட்டத்துக்கு நில்லுங்கள். காலைக் கடல் சமாதானமாக இருக்கும், மதியத்துக்கு மேல் காற்று எடுக்கும்.

ஏறுவதற்கு முன்பு செய்யவேண்டியவை:

- ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால் படகும் வேண்டாம், கரையில் கால் நனைப்பதும் வேண்டாம். வானம் தெளிந்து, காற்றே இல்லாதபோதும் தூரத்துப் புயலின் அலை திடீரென்று ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கரை ஒன்றில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அப்படித்தான் அலையில் சிக்கி உயிரை விட்டார்கள்.
- லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் மாட்டுங்கள். உடுப்புக்கு மேல் சும்மா போட்டுக்கொண்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.
- வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி கணக்கு.
- குமட்டினால் போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. ஆச்சியை அங்கே உட்கார வையுங்கள்.

படகில் ஏறியதும் எல்லோரும் கடலையே பார்ப்பார்கள். பிள்ளையைக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்குத்தொடர்ச்சி மலை மருந்துவாழ் மலையோடு இறங்கி முடிவது, காற்றாடிகள் வரிசையாகச் சுற்றும் கணவாய்த் திசை, அதிலிருந்து வெளியே வரும் காற்று எந்த வழியாகத் தேரிக்கு மணலைத் தள்ளியிருக்கும் என்பது எல்லாம் கடலிலிருந்துதான் ஒரே பார்வையில் விளங்கும். மகள் நோட்டின் ஓரத்தில் மலை, கணவாய், தேரி, கடல் என்று நான்கு கோடு போட்டு அம்புக்குறி வரைந்தாள். அன்றைக்கு ஓங்கில் ஒன்றும் வரவில்லை. அதையும் 'ஓங்கில்: 0' என்று எழுதியிருக்கிறாள். வரவில்லை என்பதையும் எழுதவேண்டும், அதுவும் கணக்குதான்.

வட்டக்கோட்டைக்குத் தரைவழியாகவும் ஒருதரம் போங்கள். கோட்டையை ஒட்டிய கரையில் மணல் கறுப்பாகப் படிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலில் இழுத்தால், கறுப்புப் பருக்கைகள் மயிர்க்கூச்செறிந்தாற்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தாதுமணல் இது. விளையாடி முடித்ததும் அங்கேயே உதறிவிட்டு வாருங்கள்.

9. கரையில் உயிரோடோ இறந்தோ ஏதாவது ஒதுங்கியிருந்தால்

1973 ஜனவரியில் இந்தக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒரே நேரத்தில் ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைப் பக்கம் மறுபடி எண்பதுக்கும் மேல். மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விடியவிடியத் தள்ளிக் கடலுக்குள் விட்டார்கள். அவற்றில் பலவும் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. அதனால் இது உங்களுக்கு நடக்காது என்று நினைக்காதீர்கள்.

முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1093 கடலோரப் போலீஸ் உதவி எண், 1554 கடலோரக் காவல்படை எண். உயிரோடு இருந்தால் ஈரத்துணியால் மூடி வெயில் படாமல் பார்க்கலாம். தலைமேல் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீரும் மணலும் போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ராத்திரி ஆமை கரையேறுவதைப் பார்த்தால் டார்ச்சை அணைத்துவிட்டு, அது குழி தோண்டி முட்டையிட்டு முடிக்கும்வரை பின்பக்கம் நில்லுங்கள். கட்டாயம் வெளிச்சம் வேண்டுமானால் அந்தச் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச் மட்டும், அதுவும் தரையைப் பார்த்து.

10. வீட்டுக்கு வந்தபின்

ஷூவைத் தெருவிலேயே உதறுங்கள். தேரி மணல் ஒரு மாதத்துக்கு வீட்டில் கிடக்கும். அன்றிரவே நோட்டில் எழுதியதை ஈபேர்டிலும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்திலும் ஏற்றச் சொல்லுங்கள். மறுநாள் என்றால் பள்ளிக்கூடம் வந்துவிடும், ஏறாது. பெயர் தெரியாத படங்களைப் போட்டால் அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள்.

மகளுடைய நோட்டில் இப்போது மூன்று தை மாதங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த வருசத்துக்கான பக்கத்தில் தேதிக்கு நேராக ஒன்றும் இல்லை. 'புத்தன்தருவை, இரண்டு காலை' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். ஐப்பசியில் மழை பெய்யட்டும் என்று காத்திருக்கிறோம்.